வருட வாசிப்பு இலக்கு: புத்தகத்தை எண்ணுவதா, பக்கத்தையா?

வெள்ளவத்தை வாசகி:
இந்த வருடத்துக்கு 24 புத்தகம் என்று இலக்கு. பெரும்பாலும் மிகைபுனைவும் (ஃபான்டசி) அறிவியல் புனைவும். வாசித்ததைப் பதியும் குட்ரீட்ஸ் தளம் 9 என்கிறது, கூகுள் ஷீட் 7 என்கிறது, கையால் எண்ணினால் 11 வருகிறது. 900 பக்கத் தலையணையும் 150 பக்கக் குறுநாவலும் ஒரே ‘1’ ஆக விழுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒலிப்புத்தகத்தை எப்படிச் சேர்ப்பது? கணக்கு ஒழுங்காக வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

பொரளை பக்கம்:
குட்ரீட்ஸின் வருட வாசிப்புச் சவால் முடித்த திகதியை வைத்துத்தான் எண்ணும். வாசித்தவை அடுக்கில் இருந்தும் திகதி வெறுமையாக இருந்தால் சேராது. அப்படி விடுபட்ட இரண்டு புத்தகத்தையும் திறந்து திகதியைப் போடுங்கள், 11 வந்துவிடும்.

ஷீட்டில் வேறு கோளாறு. அது அமெரிக்க அமைப்பில் இருந்தால், நாம் அடிக்கும் 25/02 அதற்குத் திகதியே இல்லை, வெறும் எழுத்து. 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே. சூத்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். 05/02 இன்னும் மோசம்: பெப்ரவரி 5, மே 2 ஆகப் பதியும், பிழை என்றும் காட்டாது. நிரலை ஒருதரம் மேலிருந்து கீழே பாருங்கள். திகதியாக ஏற்றது கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தாக விழுந்தது இடது ஓரத்தில் நிற்கும். ஃபைல், செட்டிங்ஸ், லொகேல் போய் ஐக்கிய இராச்சியத்துக்கு மாற்றுங்கள். மாற்றினாலும் பழைய பதிவுகள் தாமாகத் திருந்தாது, அவற்றைத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

தெஹிவளை 10:
இந்த வகை எழுத்துக்குப் பக்க இலக்குத்தான் நியாயம். புத்தக இலக்கு வைத்தால் டிசெம்பரில் மெல்லிசான புத்தகமாகத் தேடத் தொடங்குவோம், பெரிய தொடர் அலுமாரியிலேயே கிடக்கும். 24 புத்தகம், சராசரி 500 பக்கம் என்றால் 12,000. நாளுக்கு 33 பக்கம்.

பிந்தினால் பழைய 33ஐப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். மீதிப் பக்கத்தை மீதி நாளால் வகுங்கள். ஓகஸ்ட் முடிவில் 4,100 என்றால் மீதி 7,900, நாள் 122. அதாவது நாளுக்கு 65. அது முடியாதென்று தெரிந்தால் அன்றைக்கே இலக்கைக் குறையுங்கள். மாதம் ஒருமுறை, போயா லீவில் பார்த்தால் போதும்.

பக்க எண்ணைப் பதிப்பு விபரத்திலிருந்து அப்படியே எடுக்க வேண்டாம். மிகைபுனைவில் கதை முடிந்த பிறகும் பெயர்ப்பட்டியல், சொல்லகராதி, அடுத்த பாகத்தின் முதல் அத்தியாயம் எல்லாம் கிடக்கும். கிண்டிலில் 92 வீதத்திலேயே கதை முடிந்துவிடுவது உண்டு. கதையின் கடைசிப் பக்கத்தைப் போடுங்கள். மூன்று பாகம் ஒரே கட்டாக வந்தால் கட்டாகவோ தனித்தனியாகவோ ஒரு முறையில் மட்டும் பதியுங்கள், இரண்டையும் போட்டால் இரட்டிப்பு.

வெள்ளவத்தை வாசகி:
நன்றி, நான்கு திகதி இடது பக்கம் நிற்கிறது! புத்தக எண்ணிக்கையை முழுதாக விட மனமில்லை. ஒலிப்புத்தகம்?

கொள்ளுப்பிட்டி கேட்போன்:
இரண்டு நிரலும் வையுங்கள். எண்ணிக்கைக்கு, இந்த வகை எழுத்துக்குக் கொடுக்கும் ஹியூகோ விருதின் எல்லை உதவும்: 40,000 சொல்லிலிருந்து நாவல், 17,500இலிருந்து அதுவரை குறுநாவல். குறுநாவலுக்கு அரை போடலாம்.

ஒலிக்கு, வாசிப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 155 சொல் சொல்வார். மணிக்கு 9,300. பக்கத்துக்கு 300 சொல் என்று பிடித்தால் 31 பக்கம். 20 மணிநேரப் புத்தகம் 620 பக்கம். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டாலும் புத்தகத்தின் மூல நேரத்தையே போடுங்கள். காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் கேட்ட நேரத்தைப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்.

குட்ரீட்ஸ் போன்ற இன்னொரு தளமான ஸ்டோரிகிராஃபில் பக்க இலக்கும் மணிநேர இலக்கும் தனித்தனியாக வைக்கலாம். குட்ரீட்ஸிலிருந்து இறக்கிய பதிவுக் கோப்பை அங்கே ஏற்றலாம், ஆனால் அந்தக் கோப்பில் ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு முடித்த திகதிதான் இருக்கும். மறுவாசிப்புகளைக் கையால் சேருங்கள்.

பொரளை பக்கம்:
செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில் வாங்குபவற்றுக்கு வேறு தாள் வையுங்கள். ஒரே தாளில் போட்டால் திகதி வெறுமையான வரிகளின் பக்கமும் மொத்தத்தில் கூடிவிடும்.