பாதுகாப்பு அப்டேட் மட்டும் தானாக இறங்குவதற்கு என்ன சொல்?

கடலூர் முதுநகர், ஆய்வக ஆசிரியை:

வணக்கம். திங்கட்கிழமை செய்முறைக் கையேடு அச்சுக்குப் போகிறது. ஆய்வகக் கணினிகள் எல்லாம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். அப்டேட்டைத் தானாக இறக்கி நிறுவும் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ என்ற நிரலைப் போட்டு, டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் களஞ்சியத்தில் இருப்பதை மட்டும் எடுக்கும்படி வைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் ஒன்றுதான் சொல் கிடைக்காமல் நிற்கிறது. ‘ஆளில்லா மேம்படுத்தல்’ என்று எழுதிக் காட்டினேன். “ஆளில்லா ரயில்வே கேட் மாதிரியா மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் மனதில் வந்தது விபத்து. அப்புறம் அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை.

திருப்பாதிரிப்புலியூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, ‘இற்றை’ இருக்கிறதே! இன்று என்பது ஐகாரம் ஏற்றால் இற்றை, அன்று அற்றை. நன்னூல் படித்தவர்களுக்குத் தெரிந்த புணர்ச்சிதான். ‘இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்’ என்று பாரி மகளிர் கலங்கினார்கள். ‘இற்றைப் பறைகொள்வான் அன்றுகாண்’ என்பது மார்கழி தோறும் காதில் விழுகிறது. சங்க காலம் முதல் உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்? ‘தானே இற்றையாக்கம்’ என்று போடுங்கள்.

லாசுப்பேட்டை, சர்வர் பராமரிப்பவர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். கயிறு இற்றுப்போச்சு, ஓலை இற்றுப்போச்சு என்பதுதான் எங்கள் பிள்ளைகள் வீட்டில் கேட்பது. ‘தானே’ அதைவிடச் சங்கடம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய புயலுக்கு அதுதான் பெயர். அன்று பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்ததைப் பார்த்தவர்களிடம் ‘தானே இற்றை’ என்றால் என்ன தோன்றும்?

மேம்படுத்தலும் பொருந்தாது. டெபியன் நிலைப் பதிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் பெரும்பாலும் புது வெர்ஷனுக்குத் தாவுவதில்லை. திருத்தத்தை மட்டும் எடுத்து, இருக்கிற வெர்ஷனிலேயே பொருத்தித் தருகிறார்கள். வசதி எதுவும் கூடுவதில்லை, ஓட்டை அடைபடுகிறது. பஞ்சர் கடையில் இதற்குப் பெயர் ஒட்டு. காப்பு + ஒட்டு, ‘காப்பொட்டு’ எனலாமே.

திருப்பாதிரிப்புலியூர்:

ஒட்டு மாங்கன்றும் ஒட்டுதான் தம்பி. அங்கே அடிமரம் பழையது, மேலே கட்டுவது புதிது. அந்த வகையில் நீங்கள் சொல்வது பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே கனியே மாறிவிடும். உங்கள் ஒட்டில் கனி மாறக் கூடாது. அது இடிக்கிறது.

நெய்வேலி, மொழிபெயர்ப்பாளர்:

காப்பு வேண்டாம். பேக்கப்பைக் ‘காப்பு நகல்’ என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறோம், இரண்டும் குழம்பும். ‘ஆளில்லா’வுக்கு நான் சொல்லும் தடை வேறு: அது உண்மையே இல்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்கு ஒட்டு இறங்கினாலும், மறுதொடக்கம் செய்யும்வரை பழைய கர்னல்தான் ஓடும். தானாக மறுதொடங்கும் வசதியை நாமாக இயக்கினால்தான் உண்டு. ஆள் வேண்டியிருக்கிறது. சொல்லைக் கேட்டு மாணவர்கள் ‘நமக்கு வேலை இல்லை’ என்று நினைத்துவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும்.

முதுநகர்:

சரி. அச்சகத்தில் இன்றே கேட்கிறார்கள். ‘தானியங்கு பாதுகாப்பு ஒட்டு’ என்று போடுகிறேன். எனக்குத் தனியாக எழுதிய மூன்று பேரும் இதையே ஆதரித்தார்கள். நீளம்தான், ஆனால் வகுப்பில் விளக்காமலே புரிந்தது. மறுதொடக்கத்தைப் பற்றி அதே பக்கத்தில் இரண்டு வரி சேர்த்துவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர்:

போகட்டும் அம்மா, அச்சு நிற்க வேண்டாம். ஆனால் நான் உடன்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓலை இற்றுப்போவதில் பகுதி ‘இறு’; இற்றையில் ‘இன்று’. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க வகுப்பில் ஐந்து நிமிடம் போதும். அடுத்த பதிப்புக்கு முன்னால் வந்து நானே சொல்லித் தருகிறேன்.