அப்டேட்: ரேம் டைமிங் டைட் பண்ணா கேம்ல எஃப்பிஎஸ் ஏறுமா?

டிடிஆர்5 6000 சிஎல்36 ரேம் கிட்டோட டைமிங்க (ரேம் ஒவ்வொரு வேலைக்கும் எடுத்துக்கிற நேரத்துக்கான செட்டிங்) டைட் பண்ணா கேம்ல எதாவது வித்தியாசம் தெரியுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பண்ணி பாத்தாச்சு.

4கே அல்ட்ரால ஒண்ணுமே இல்ல, அங்க கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்குது, ரேம் எவ்ளோ வேகமா இருந்தா என்ன. 1080பி லோ செட்டிங்ல, அதுவும் சிபியுவ பிழியுற கேம்லதான் தெரியுது, ஆவரேஜ் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்) கொஞ்சம்தான் ஏறுச்சு ஆனா 1% லோ (ரொம்ப மெதுவா வர்ற 1% ஃப்ரேம்களோட எஃப்பிஎஸ்) நல்லாவே ஏறி அந்த திடீர் ஜெர்க் குறைஞ்சிருக்கு, எனக்கு அதுதான் வேணும்.

நிறைய பேர் சிஎல் (டேட்டா கேட்டதும் அது வர ஆகுற கிளாக் சைக்கிள்) நம்பரயே பாத்துட்டு இருக்காங்க. 6000 ஸ்பீடுல சிஎல்36னா 12 நானோசெகண்ட், சிஎல்30னா 10, அவ்ளோதான் (சிஎல்ல 2000ஆல பெருக்கி ஸ்பீடால வகுத்துக்கோங்க, 3200 சிஎல்16க்கும் அதே 10தான் வரும்). உண்மையில விஷயம் இருக்கிறது டிஆர்எஃப்சி (ஒரு ரெஃப்ரெஷ் எடுக்கிற நேரம்), டிஆர்இஎஃப்ஐ (ஒரு ரெஃப்ரெஷுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி) ரெண்டுலயும்தான், ரெஃப்ரெஷ் (டேட்டா அழியாம இருக்க ரேம் அப்பப்ப சார்ஜ் ஏத்திக்கிறது) நடக்கும்போது ரேம் வேற வேலை பாக்காது, அதனால முதலாவத குறைச்சு ரெண்டாவத ஏத்தினா சிபியு காத்திருக்கிற நேரம் குறையுது. ஆனா டிஆர்இஎஃப்ஐய கண்ணு மண்ணு தெரியாம ஏத்தாதீங்க, ரேம் சூடானா எரர் வரும், சத்தமில்லாம ஃபைல் கரப்ட் ஆகும், மெம்டெஸ்ட் (ரேம்ல எரர் வருதான்னு பாக்குற ப்ரோகிராம்) ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டு அப்புறம் நம்புங்க.

எக்ஸ்3டி ரைசன் (பெரிய கேஷ் இருக்கிற ஏஎம்டி சிபியு) வெச்சிருக்கவங்க இதுக்கு மெனக்கெட வேணாம், சிபியுக்குள்ளயே இருக்கிற அந்த பெரிய கேஷ் மெமரியே பாதி வேலைய பாத்துடும், எக்ஸ்போ (ரேம அதுக்கு சொன்ன ஸ்பீடுல ஓடவிடுற பயாஸ் செட்டிங்) ஆன் பண்ணிட்டு போய் விளையாடுங்க.