ஸ்நேக்கிங்: நெளிவா, நுடக்கமா, வாலாட்டமா?

அன்புடையீர்,

தொடக்கக்கால ஜெட் போர்விமானங்கள் பற்றிய நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 1944 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்த குளோஸ்டர் மீட்டியோர் பற்றிய இயலில் 'ஸ்நேக்கிங்' பதினேழு இடத்தில் வருகிறது. வேகம் கூடும்போது விமானத்தின் மூக்கு இடமும் வலமுமாக ஓயாமல் ஆடும் கோளாறு அது. 'நெளிவு' என்று எழுதிவைத்தேன். என் மனைவி படித்துவிட்டு, "தகடு நெளிந்த விமானத்தையா ஓட்டினார்கள்?" என்று கேட்டார். நெளிந்த குண்டான்தான் எனக்கும் கண்ணில் நிற்கிறது. வேறு தமிழ்ச்சொல் சொல்லிக் கைகொடுங்கள்.
– கோவை

> தகடு நெளிந்த விமானத்தையா

நுடக்கம் இருக்க நெளிவு எதற்கு? கொடி நுடங்கும், இடை நுடங்கும், மின்னலும் நுடங்கும். அது கசந்தால் அலமரல். தொல்காப்பியர் உரியியலில் அதைத் தெருமரலோடு சேர்த்துச் சுழற்சி என்கிறார். இன்னொன்று: மூக்கு பக்கவாட்டில் திரும்புவதை 'யா' என்று ஆங்கில ஒலியிலேயே எழுதுகிறார்கள். யா நம் பாலைநிலத்து மரம் ஐயா! பிடியின் பசி தீர்க்கக் களிறு அதன் பட்டையை உரிப்பதைக் குறுந்தொகை பாடுகிறது.
– தஞ்சாவூர்

> தெருமரலோடு சேர்த்துச் சுழற்சி

யானையை விட்டுவிட்டு விமானத்துக்கு வருவோம், புலவர் ஐயா. சுழற்சி என்றால் எங்களுக்கு ஸ்பின். விமானம் தூக்குவிசை இழந்து சுழன்றபடி விழுவது. ஸ்நேக்கிங்கில் விமானம் விழாது, குறி தவறும். குறிபார்க்கும் கண்ணாடியில் ஒளிப்புள்ளி எதிரியின் இறக்கையைத் தொடுகிறது, தாண்டுகிறது, திரும்பி வந்து மறுபடியும் தாண்டுகிறது. விமானி மிதியை அழுத்தித் திருத்தப் பார்த்தால் கால் ஒரு கணம் பிந்திவிடும், ஆட்டம் இன்னும் வளரும். ஜெர்மனியின் மெ 262 (மெஸ்ஸர்ஷ்மிட்) ஜெட்டுக்கும் இதே நோய். கொரியப் போரின் சோவியத் ஜெட் மிக் 15-உம் மிகு வேகத்தில் இப்படித்தான் ஆடியது, 37 மி.மீ. பீரங்கி இருந்தும் குறி நிற்கவில்லை. பழைய விமானங்களில் முன்னால் சுழன்ற விசிறி இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவந்தது, ஜெட்டில் அது போய்விட்டது. வாலில் உள்ள திசைமாற்றித் தகடு சற்றே தளர்ந்திருந்தாலும் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். ஆகவே என் சொல் 'வாலாட்டம்'.
– பெங்களூரு

> ஆகவே என் சொல் 'வாலாட்டம்'

பதினொன்றாம் வகுப்பில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள். "என்னிடம் வாலாட்டாதே" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும், அன்றைய பாடம் முடிந்தது. பாடநூலில் ஊசலின் ஆட்டத்தை 'அலைவு' என்று படிக்கிறார்கள். 'வாலலைவு' என்றால் விளக்கமே வேண்டாம்.
– மதுரை

> 'வாலலைவு'

இது சொல்லா, சமரசப் பேச்சுவார்த்தையா? வால் மட்டும் தனியே அலைகிறதா? விமானம் முழுதும் அல்லவா திரும்புகிறது? மாணவர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லைக் கைவிட்டால் தமிழில் பாதி மிஞ்சாது. புரியவில்லை என்பது சொல்லின் குற்றமன்று, பழக்கத்தின் குற்றம்.
– தஞ்சாவூர்

இன்று புதன். புலவர் ஐயா மேல் உள்ள மதிப்பினால் நேற்று பதினேழு இடத்திலும் 'நுடக்கம்' போட்டு அனுப்பினேன். மெய்ப்பு பார்ப்பவர் அதைப் பிழை என்று எண்ணிச் சிவப்பு மையில் 'முடக்கம்' என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். "வேகம் கூடியதும் மீட்டியோர் விமானங்களில் முடக்கம் ஏற்பட்டது" என்று படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. வாலலைவு என்றே போகிறது. வேறு வழி தெரியவில்லை, மன்னிக்கவும்.

அடுத்த இயலில் 'டச்சு ரோல்' காத்திருக்கிறது. மூக்கு ஆடும்போதே இறக்கைகளும் மாறி மாறிச் சாயும் ஆட்டம். பனிக்கட்டிமேல் சறுக்கும் டச்சுக்காரர் அசைவதுபோல என்று 1916-இல் அமெரிக்க விமானப் பொறியாளர் ஹன்சேக்கர் எழுதிய பெயர்.
– கோவை

மெய்ப்பு பார்ப்பவர் அறியாத சொல்லெல்லாம் பிழை என்றால் நான் என்ன சொல்ல? என் வாக்கு நுடக்கத்துக்கே, பதிந்துகொள்ளுங்கள். டச்சுக்காரருக்கு 'ஒல்லாந்தர்' என்ற சொல் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.
– தஞ்சாவூர்