எபிக் 7302பி-யா, ஜியான் சில்வர் 4314-ஆ? கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, ஆபீஸ்க்கு ஒரே ஒரு செகண்ட்ஹேண்ட் சர்வர் எடுக்கணும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கூட ஏழெட்டு விர்ச்சுவல் மெஷின், அவ்வளவுதான் வேலை. ஏஎம்டி-யோட எபிக், இன்டெல்லோட ஜியான், ரெண்டு சர்வர் ப்ராசஸருமே 16 கோர், 32 த்ரெட், அதனால விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் செலவுல வித்தியாசம் இல்ல. எபிக் 2019-ல வந்தது, பேஸ் 3.0 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) 128 எம்பி, பிசிஐஇ 4.0 லேன் (டிஸ்க், கார்டு மாட்டுற வழி) 128. ஜியான் 2021, பேஸ் 2.4 தான் ஆனா டர்போ 3.4 வரைக்கும் போகுது, கேஷ் 24 எம்பி, லேன் 64, ரேம் வேகம் 2667-லயே நின்னுடுது, எபிக்ல 3200 ஓடும்.

பேப்பர்ல பார்த்தா எபிக் தான்னு எனக்கு தோணுது, என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்) நிறைய போடலாம்ல. ஆனா அந்த 128 எம்பி கேஷ் ரெண்டு ரெண்டு கோருக்கு 16 எம்பியா பிரிஞ்சு கிடக்கு, அப்போ ஒரு பெரிய குவெரி தனியா ஓடும்போது நிஜமா எவ்வளவு உதவும்? எபிக் பவர் 155 வாட், ஜியான் 135, ராத்திரி பகல் ஓடுற மெஷின், கரண்ட் பில்லும் முக்கியம்.

இன்னொண்ணு, பழைய எபிக் சில கம்பெனி போர்டுக்கே லாக் ஆகி வருமாமே, வாங்குறதுக்கு முன்னாடி அத எப்படி செக் பண்றது? ரெண்டுலயும் டேட்டாபேஸ் ஓட்டினவங்க யாராச்சும் இருந்தா ப்ளீஸ் சொல்லுங்க, இந்த வாரத்துக்குள்ள முடிவு பண்ணணும்.