எழவு வீட்டில் "செத்துட்டான், செத்துட்டான்": பசங்களுக்குப் போர் விளையாட்டு வேணுமா?

சென்னிமலைத் தறி:
போன வாரம் எங்கள் பெரியம்மா தவறிவிட்டார். 84 வயசு. பந்தல் போட்டு ஒறம்பரை எல்லாம் வந்து உட்கார்ந்தாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. திடீரென்று பின்னால் கட்டுத்தரைப் பக்கமிருந்து ஒரு கூச்சல்: "செத்துட்டான்டா, செத்துட்டான்! பெட்டியை எடு, பெட்டியை எடு!" ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். போய்ப் பார்த்தால் பத்தாவது படிக்கிற என் மகனும் பங்காளி வீட்டுப் பையன்கள் மூன்று பேரும் மாட்டுத்தொட்டியில் சாய்ந்துகொண்டு போனில் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ தீவில் குதித்து, கண்ணில் பட்டவனை எல்லாம் சுடும் விளையாட்டு. செத்தவன் வைத்திருந்த சாமான் ஒரு பெட்டியில் கிடக்குமாம். அதை அள்ள வேண்டுமாம்.

அவன் நாளைக்கு அருவாளைத் தூக்குவான் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கோழி அறுத்தாலே தள்ளிப் போய்விடுகிறவன். ஆனால் சாவு என்ற சொல் அவன் வாயில் எத்தனை லேசாக வருகிறது! 18 வயசு வரைக்கும் இந்தப் போர் விளையாட்டு எதுவும் கையில் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

பீளமேடு ஸ்கோப்:
அண்ணா, பெரியம்மாவுக்கு அஞ்சலி. பசங்க அங்கே வைத்து ஆடியது தப்பு. ஆனால் அது இடம் தெரியாமல் நடந்த தப்பு, விளையாட்டின் தப்பு இல்லை. அதே கட்டுத்தரையில் சீட்டு ஆடியிருந்தாலும் தப்புத்தான். (எழவு வீட்டில் ராத்திரி பெரியவர்கள் சீட்டுப் போட்டதை நான் பார்த்ததே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.)

நான் கல்லூரி முதல் வருசத்தில், 2018இல், பப்ஜி ஆட ஆரம்பித்தவன். நீங்கள் சொன்ன மாதிரித் தீவில் குதித்துச் சுடும் விளையாட்டுதான் அது. இன்று பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை. யாரையும் அடித்ததில்லை. சரி, என் கதையை விடுங்கள். 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயசுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை எடுத்து, பெற்றோரையும் கேட்டுப் பார்த்தார்கள். வன்முறை விளையாட்டுக்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020இல், கொலை, துப்பாக்கிச்சூடு போன்ற வன்முறைக்கு விளையாட்டைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

இன்னொன்று. "அரசாங்கமே தடை செய்த விளையாட்டு" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜியையும் சேர்த்து 118 செயலிகளைத் தடுத்தார்கள். சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தகவலும். அடுத்த ஜூலையில் அதே விளையாட்டு இந்தியப் பெயரோடு வந்தது. 2022 ஜூலையில் காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்ப வந்தது. இத்தனைக்கும் நடுவில் துப்பாக்கி அதே துப்பாக்கிதான்.

கோபி டீச்சர்:
பாதியை மட்டும் எடுத்துப் போடாதீங்க தம்பி. அதே சங்கம் அதே 2020இல், கத்துவது, தள்ளிவிடுவது மாதிரியான சின்ன முரட்டுத்தனத்துக்கும் இந்த விளையாட்டுகளுக்கும் சிறிய அளவில் தொடர்பு இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. என் வகுப்பில் நான் தினமும் பார்ப்பது கொலை இல்லை. கத்துவதும் தள்ளிவிடுவதும்தான்.

எனக்கு ஒரு கேள்வி. விளையாட்டு மனசை ஒன்றும் செய்யாது என்றால், அமெரிக்க ராணுவம் 2002 ஜூலை 4இல் தானே ஒரு போர் விளையாட்டைச் செய்து இலவசமாக ஏன் விட்டது? அவர்கள் சுதந்திர தினமாகப் பார்த்து வெளியிட்டு, 2022 வரைக்கும் நடத்தினார்கள். ஆள் சேர்க்கத்தானே?

பீளமேடு ஸ்கோப்:
நல்ல அடி டீச்சர். ஆமாம், ஆள் சேர்க்கத்தான். அதாவது சீருடை மேல் ஆசை வர வைக்க. சோப்பு விளம்பரம் செய்வதும் அதுதான். ஆசை வருவது வேறு, ஆளைக் கொல்வது வேறு.

கோபி டீச்சர்:
நானும் ஆசையைத்தான் சொல்கிறேன். ஒருவனுக்கு எது மேல் ஆசை வருகிறது என்பதை மாற்ற முடிந்தால் அதற்குப் பெயர்தான் செல்வாக்கு. அப்புறம், சிறுவர் ஆட வீட்டார் போனுக்கு ஓடிபி, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றெல்லாம் அந்த இந்தியப் பப்ஜியை விடும் கம்பெனியே விதி வைத்திருக்கிறது. ரத்தத்தைக்கூடப் பச்சையாக்கிவிட்டார்கள். எங்கள் எட்டாம் வகுப்பில் கேட்டால், விளையாட்டில் கொடுத்த வயசுப்படி பாதிப் பேர் 2001இல் பிறந்தவர்கள்! ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்துவிட்டு வருகிற அந்த 2001ஆம் வருசத்து ஆட்களுக்குத் திங்கட்கிழமை முதல் பீரியடில் நான் பின்னம் சொல்லித்தர வேண்டும்.

வெலிங்டன் 17:
மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருசம் இருந்தவன். இப்போது பவானிப் பக்கம் மஞ்சள் போடுகிறேன். என் பேரன் ஆடிக் காட்டினான். முதுகில் ரெண்டு பெரிய துப்பாக்கி, தலைக்கவசம், குண்டு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஓடுகிறான், மூச்சு வாங்குவதே இல்லை. எங்கள் இன்சாஸ் துப்பாக்கி ஒன்றே நாலு கிலோ. குண்டு பட்டால் ஆறு வினாடி பெட்டியைத் திறந்து மருந்து போட்டு, எழுந்து ஓடுகிறான். நிஜத்தில் ஒரு கால் போனவனை நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். போர் என்றால் முக்கால்வாசி காத்திருப்பு. குளிர், கடுதாசி, வயிற்றுப்போக்கு. இதை விளையாட்டாகச் செய்தால் ஒருத்தன் வாங்க மாட்டான். பேரன் கெட்டுப்போவான் என்ற பயம் எனக்கு இல்லை. போர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுவானோ என்றுதான் இருக்கிறது.

பீளமேடு ஸ்கோப்:
ஐயா, உங்களுக்கு மறுப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும். நீங்கள் சொன்ன மாதிரி விளையாட்டும் இருக்கிறது. போலந்தில் 2014இல் ஒன்று செய்தார்கள், "திஸ் வார் ஆஃப் மைன்" என்று. அதில் நீங்கள் சிப்பாய் இல்லை. முற்றுகைக்குள் மாட்டிய நகரத்தில் ஒரு சாதாரண ஆள். பகலில் கூரை ஒட்டுவது, ராத்திரி மருந்து தேடிப் போவது. கிழவன் கிழவி வீட்டில் திருடினால் உங்கள் ஆளே மனசொடிந்து உட்கார்ந்துவிடுவான். அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பரிந்துரைப் பட்டியலிலேயே 2020இல் சேர்த்தது அந்த அரசாங்கம். செஞ்சிலுவைச் சங்கமும் 2017இல் "ஆர்மா 3" என்ற ராணுவ விளையாட்டைச் செய்தவர்களோடு சேர்ந்து போர்ச் சட்டங்களைச் சொல்லித்தரும் பகுதி ஒன்றைக் கொண்டுவந்தது.

போர் எப்படி இருக்கும் என்று தெரியாமல் ஏமாந்தது யார் என்று கேட்டால் வேறு கதை வரும். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் பெரியப்பா ஒரு வீடியோ போட்டார், "நம்ம ஆளுக சுட்டு வீழ்த்திட்டாங்க, எல்லாருக்கும் அனுப்புங்க" என்று. ஒன்பதாவது படிக்கிற சித்தி மகள் ஒரே வரியில் பதில் போட்டாள்: "பெரியப்பா, இது ஆர்மா 3." அன்றைக்கு அந்த விளையாட்டின் காட்சிகளை நிஜப் போர் என்று நாடே அனுப்பிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்ததில் நிறையப் பேர் ஆடுகிற பொடுசுகள்தான்.

திருப்பூர் அம்மிணி:
போரும் வேண்டாம் அமைதியும் வேண்டாம். என் மகன் ஒரு துப்பாக்கி விளையாட்டில் சட்டையும் துப்பாக்கிக்குப் பெயிண்டும் வாங்கி என் கணக்கிலிருந்து 11,400 ரூபாய் எடுத்துவிட்டான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. அது எத்தனை பீஸ் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சட்டையைப் போட்டால் குண்டு படாதா என்று கேட்டேன். படுமாம். பார்க்க நன்றாக இருக்குமாம்.

சென்னிமலைத் தறி:
இதைத்தான் சொல்கிறேன் ஸ்கோப் தம்பி. நீங்கள் சொல்லும் போலந்து விளையாட்டை எங்கள் ஊரில் எவன் ஆடுகிறான்? ஆடுவது எல்லாம் தீவில் குதிப்பதுதான்.

பீளமேடு ஸ்கோப்:
அதிலும் ஒன்று இருக்கிறது அண்ணா. கொரோனா சமயத்தில் என் ஸ்குவாட், அதாவது ஒரே அணியாக ஆடுகிறவர்கள், நாலு பேர். நான், பொள்ளாச்சியில் தேங்காய் மண்டிக்காரர் மகன், அவிநாசியில் ரோலிங் மெஷின் ஓட்டிய பீகார் பையன், அவன் தம்பி. எனக்கு வரும் ஹிந்தி முழுக்க அந்தத் தீவில் படித்தது. நம் ஊரில் அந்தப் பையன்களை எந்த வீட்டில் உட்கார வைத்துப் பேசினார்கள் சொல்லுங்கள். நான் அடிபட்டு விழுந்தால் தவழ்ந்து வந்து தூக்கிவிட்டது அவன்தான்.

அரவக்குறிச்சிப் பெருசு:
தூக்கிவிடுவது என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. நாம் என்னமோ போரை விளையாடாத ஆட்கள் மாதிரி எல்லாரும் பேசுகிறீர்களே. படுகளம் பார்த்ததில்லையா? எங்கள் ஊரில் நான் சின்னவனாக இருந்தபோது அண்ணமார் கதையை உடுக்கடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். கடைசி ராத்திரி படுகளம். அண்ணன் தம்பிகள் பொன்னரும் சங்கரும் களத்தில் விழும் இடம் வந்தால், அருள் வந்து வாலிபப் பையன்கள் ஓடி ஓடி விழுவார்கள். பொத்துப் பொத்தென்று விழுந்து கிடப்பார்கள், கை கால் அசையாது. மேலே துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம் தங்கச்சி தங்காள் அழுதுகொண்டே வருவாள். அண்ணன் இல்லாத வீட்டைச் சொல்லி அழுவாள், ஊரே அழும். தீர்த்தம் தெளித்தால் ஒவ்வொருத்தனாக எழுந்திருப்பான். வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இன்றைக்கும் நடக்கிறது. நானும் 16 வயசில் ஒருமுறை விழுந்திருக்கிறேன். என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. எழுந்தபோது என் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பீளமேடு ஸ்கோப்:
பார்த்தீர்களா! பெருசு என் பக்கம். போர், விழுவது, திரும்ப எழுப்புவது, எல்லாமே அங்கேயும் இருக்கிறது. இந்த மண்ணில் ரிவைவ் கொடுத்த முதல் ஆள் தங்காள்தான்.

அரவக்குறிச்சிப் பெருசு:
நான் யார் பக்கமும் இல்லை சாமி.

சென்னிமலைத் தறி:
இல்லைங்க. அங்கே தங்காள் அழுகிறாள். உங்கள் தீவில் அழுவதற்கு ஆளே இல்லை. 100 பேர் இறங்கி 99 பேர் சாகிறார்கள், ஒருத்தன் பெயரும் யாருக்கும் தெரியாது. படுகளத்தில் ரெண்டு பேருக்காக ஒரு ஊர் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு என் பெரியம்மா வீட்டில் எனக்கு என்ன உறுத்தியது என்று இப்போதுதான் பிடிபடுகிறது. பையன் "செத்துட்டான்" என்று சொன்னதில் தப்பில்லை. அதைச் சொல்லிச் சிரித்தான்.

பீளமேடு ஸ்கோப்:
அண்ணா, சதுரங்கத்திலும் யானை செத்தால் யாரும் அழுவதில்லை. 99 பேரும் நிஜத்தில் சாகவில்லை, அடுத்த நொடி லாபியில், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் இடத்தில், நின்று டான்ஸ் ஆடுகிறார்கள் என்று உங்கள் மகனுக்குத் தெரியும். அதனால்தான் சிரிக்கிறான். இன்னொரு பக்கமும் பாருங்கள். 16 வயசுப் பையன் நினைவில்லாமல் விழுந்து கிடந்ததை யாரும் "பிள்ளைகளுக்கு ஆகுமா?" என்று கேட்கவில்லை. பழசு என்பதால் நமக்கு அது சாமி. புதுசு என்பதால் இது வியாதி.

காங்கேயம் காளை:
அண்ணமார் கதையே யார் யாரை வென்றார்கள் என்பதில்தான்

மட்டுறுத்துநர்:
இதற்கு மேல் இருந்த 14 பதிவுகள் எடுக்கப்பட்டன. கதையில் எந்தச் சாதி எந்தச் சாதியை அடித்தது என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள்.

வெலிங்டன் 17:
போனில் ஆடாமலே 14 பதிவு சண்டை!

கோபி டீச்சர்:
வியாதி என்ற சொல் வந்ததால் சொல்கிறேன். விளையாட்டை நிறுத்த முடியாமல் படிப்பு, தூக்கம், உறவு எல்லாம் கெட்டு, அது பொதுவாக ஒரு வருசமாவது நீடித்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அது அவர்கள் பட்டியலில் இருக்கிறது. போர் விளையாட்டு என்று தனியாகச் சொல்லவில்லை, பந்து விளையாட்டானாலும் அதே கணக்குத்தான். தறி அண்ணா, உங்கள் மகன் அந்த நிலையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் போன் ராத்திரி எங்கே இருக்கிறது?

சென்னிமலைத் தறி:
அன்றிலிருந்து பீரோவில். சாவி என் அரைஞாணில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம். நேற்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். குதித்ததும் எவனோ வாணலியால் மண்டையில் அடித்துவிட்டான். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பீளமேடு ஸ்கோப்:
பீரோவில் பூட்டினால் பங்காளி வீட்டுக்குப் போய் ஆடுவான் அண்ணா. நாங்கள் எல்லாம் அப்படித்தான் ஆடினோம்.

சென்னிமலைத் தறி:
ஆடட்டும். வர்ற வெள்ளிக்கிழமை பெரியம்மாவுக்குக் காரியம். அன்றைக்கு நாலு போனும் என் பீரோவில் இருக்கும். பங்காளிகளிடம் பேசிவிட்டேன்.