கெதார் என்ற ஒற்றை ஸ்பானிய வினைச்சொல்லில் மாட்டிய கதைகள்

மாட்ரிட்டில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். பக்கத்து இருக்கைப் பெண் "கெதாமோஸ் எல் பியெர்னெஸ்?" என்றார். கெதார் என்றால் தங்குவது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையும் கூடுதல் நேரம் இருந்து வேலை பார்க்கச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து, முடியாது, எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும் என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டேன். "ஆ, பாலே", அதாவது சரி, என்று திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே எங்காவது சந்திக்கலாமா என்று கேட்டிருக்கிறார்! பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

*

என்னுடையது காசு போன கதை. வலென்சியாவில் ஒரு துணிக்கடை, சும்மா ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்தேன். கடைப்பெண் "தே கேதா பியென்" என்றார், உனக்கு நன்றாக இருக்கிறது என்று. அது புரிந்தது. அடுத்து "தே லோ கேதாஸ்?" என்றார். அளவு சரியா என்று கேட்கிறார் போல என்று "சீ, சீ" என்றேன் (நம்ம சீச்சீ இல்லை, ஆமாம் என்கிற சீ). கோட்டைக் கழற்றுவதற்குள் பில் போட்டாயிற்று. எடுத்துக்கொள்கிறாயா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு 60 யூரோ கொடுத்தேன்.

*

மேலே இரண்டு பேரும் சொல்லின் மேல் பழி போடுவது எனக்கு ஒப்பவில்லை. "நொஸ் கெதாமோஸ்" என்றால்தான் இருந்துவிடுவோம் என்று அர்த்தம், அந்த நொஸ் இல்லாமல் வந்தால் சந்திப்போம். கோட்டுக்காரருக்கும் 'அதை' என்கிற அந்த "லோ" காதில் விழுந்திருக்க வேண்டும். "நோ கேதா பான்" என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது, "தோந்தே கேதா?" என்றால் எங்கே இருக்கிறது. கண் படுகிறது, வெயில் படுகிறது, கட்டிலில் படு, கஷ்டப்படு என்று நாம் பேசவில்லையா, யாராவது பட்டியல் போட்டா கற்றோம்? தனிச்சொல்லை மனப்பாடம் செய்யாதீர்கள், முழு வாக்கியமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கெதாரின் வேர்ச்சொல்லுக்கு லத்தீனில் அமைதிப்படுத்துவது, அடக்குவது என்று அர்த்தம். என் கதை சின்னது: 2020 அக்டோபரில் செய்தியில் "தோக்கே தே கேதா" என்றதும், சந்திக்கிற நேரம் ஏதோ அறிவிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஊரடங்காம். நம் சொல்லிலும் அதே அடங்கு இருக்கிறது, பாருங்கள்.

*

முதல் கதை எழுதியவன்தான். நொஸ் பாடத்துக்கு நன்றி, நான் கேட்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கத்து இருக்கைப் பெண் வேலையை விட்டுப் போனார். கிளம்பும்போது "ஆ வேர் சி கெதாமோஸ்" என்றார். இந்த முறை விடக்கூடாது என்று, சரி, எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டேன். ஒரு நொடி விழித்தார். பார்க்கலாம் பார்க்கலாம் என்று நாமும் வாசலில் நின்று சொல்வோமே, அந்த வகையாம் அது.