பாண்டி பஜாரில் அம்மா உட்கார்ந்த பெஞ்ச்

நம் தெருக்களில் நடப்பதைப் பற்றி இந்தக் குழுவில் எல்லோரும் அவரவர் அனுபவத்தை எழுதுகிறீர்கள். என்னுடையது அம்மாவைப் பற்றியது.

வீடு மேற்கு மாம்பலம். தண்டவாளத்தைத் தாண்டினால் தி.நகர். ஆனாலும் அம்மா அந்தப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தார். கூட்டத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். கேட்டபோது, "கூட்டம் என்னடா பண்ணும்? ஏறி ஏறி இறங்கத்தான் முடியல" என்றார். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். மறுநாள் டேப் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்குக் கடை, கேட்டுக்குக் கேட் நடைபாதை வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஓர் இடத்தில் விளிம்பின் உயரம் ஒரு அடிக்கு மேல். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டுதல்படி அது 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, அதாவது அரை அடி. நடக்கிற இடம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். விதி எழுதியவர்களுக்கு அம்மாவின் முழங்கால் தெரிந்திருக்கிறது. தெருவைப் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அடுத்த மாதம் வற்புறுத்தி ஆட்டோவில் கூட்டிப்போய் பனகல் பார்க் பக்கம் இறக்கினேன். பாண்டி பஜார் இருக்கிற தியாகராய சாலையில் வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பைக் ஏறாதபடி குட்டைத் தூண்கள், பழைய மரங்கள் அப்படியே. முக்கியமாக, தரை ஒரே மட்டம். கொஞ்ச தூரத்திலேயே அம்மா என் கையை விட்டுவிட்டார். அப்புறம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அரை மணி நேரம். எதுவும் வாங்கவில்லை, பேசவும் இல்லை. கிளம்பும்போது, "காசு குடுக்காம உக்கார ஒரு எடம் இருக்கே" என்றார்.

அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டலில் உட்கார காபி வாங்க வேண்டும், கடையில் உட்கார துணி எடுக்க வேண்டும். வயதானவர்கள் வீட்டை விட்டு வெளியே வருவதும் வராததும் பல நேரம் வழியில் உட்கார இடம் இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

—

அண்ணா, அந்த பெஞ்சுகளைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் ஒரு ஜவுளிக்கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நின்றபடியேதான். சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் பார்ப்பார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியதே 2021இல்தான். அதற்கு முன்னால் எங்களுக்கு நாற்காலி என்றால் அந்தத் தெரு பெஞ்சுதான். கடை மூடியதும் நாங்கள் நான்கு பெண்கள் பதினைந்து நிமிடம் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவோம். வெளிச்சம் நன்றாக இருக்கும், குடும்பம் குடும்பமாக ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள், பயம் இருக்காது. அதன் பிறகுதான் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடப்போம். அந்தப் பதினைந்து நிமிடம் இல்லையென்றால் வேலையைச் சீக்கிரமே விட்டிருப்பேன்.

—

ஸ்டேஷன் என்றதும் ஆகாய நடைபாதை நினைவுக்கு வருகிறது. 2023 மே மாதம் திறந்தது, மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர். தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருவில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்தவனுக்கு அது பெரிய நிம்மதி. லிஃப்ட், நகரும் படிக்கட்டு எல்லாம் உண்டு. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு வருத்தம். மேலே போகிறவருக்கு வழியில் பூக்காரம்மா இல்லை, சீப்பு விற்கிற பையன் இல்லை. பாண்டி பஜாரிலும் பிளாட்பாரக் கடைக்காரர்களை முன்பே மாநகராட்சியின் வணிக வளாகத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். நடைபாதை என்பது அவர்களுக்கும் பிழைப்பு. நடக்க இடம் விட்டு, கடை போடவும் அளவாக இடம் ஒதுக்க முடியும். 2014இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான்.

—

சார், ஒப்புக்கொள்கிறேன். அம்மா பூ வாங்குவதற்கென்றே நடப்பார்.

என் ஆதங்கம் வேறு. பாண்டி பஜாரைக் கட்டுவதற்கு முன்னால் தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். எது சரிவரும் என்பதைத் தெருவிலேயே தெரிந்துகொண்ட பிறகு கட்டினார்கள். அந்த அக்கறை ஏன் ஒரு சாலையோடு நின்றது? நடப்பது, சைக்கிள் ஓட்டுவது போன்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014லேயே கொள்கை வகுத்துவிட்டது. ஆனால் பாண்டி பஜாரிலிருந்து பக்கத்துச் சாலைக்குத் திரும்பினால் டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், நிறுத்திய கார். அம்மா மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

சரி, என்னால் முடிந்ததைச் செய்தேன். வீட்டிலிருந்து மருந்துக் கடை வரை அம்மா நடக்கிற வழியில் விளிம்பு உயரமான, உடைந்த இடங்களை அளந்து, படம் எடுத்து மனு கொடுத்தேன். பதினோரு இடங்கள். எட்டு மாதத்தில் நான்கைச் சரிசெய்திருக்கிறார்கள். கோயில் வாசல் வரைக்கும் இப்போது தனியாகப் போய்விட்டு வருகிறார். மருந்துக் கடைக்கு இன்னும் ஆட்டோதான்.